படகு டப்பா

டப்பாக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் தபால்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். "சீட் தைக்கிற டப்பாக்கா" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போகும். பஸ், லாரி, வேன் எதுவானாலும் கிழிந்த இருக்கைக்கு உறை தைப்பது அவள் தொழில். பழைய இன்ஜின் ஆயில் டப்பாக்களைச் சேர்ப்பது அவள் பைத்தியம். பைத்தியம் என்பது அவளே சொல்லிக்கொள்வது. மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள்.

தொழிலும் பைத்தியமும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருந்தன. அளவெடுக்கப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறவள் அவள். வண்டிக்குள் குனிந்து நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கண் மூலை முடுக்கெல்லாம் மேய்ந்துவிட்டு வந்துவிடும். உறையைத் தைத்து மாட்டிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, "அந்தத் தகரத்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்பாள். பட்டறைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்பார்கள். ஒரு மெக்கானிக் கேலியாக, பின்பக்கம் இன்னும் ஒரு வண்டி குப்பை இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். அவள் நன்றி சொல்லி, அதையும் போய்க் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

வீடு இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷினும் ரெக்சின் சுருள்களும். உள்ளறையில் தரையிலிருந்து கூரைவரை பலகை அடித்து டப்பாக்கள். சதுரம், உருண்டை, கைப்பிடி வைத்தது, மூக்கு வைத்தது, மூடியே இல்லாமல் ஆணியால் குத்தித் திறக்கவேண்டியது என்று எல்லாம் முகத்தை முன்னால் காட்டிக்கொண்டு நின்றன. கட்டிலுக்கு மிஞ்சிய இடம் அவள் ஒருத்தி ஒருக்களித்துப் போகும் அளவுதான். தூக்கத்தில் கையை வீசிப் படுக்கிற பழக்கத்தை இந்த வீட்டுக்கு வந்த பிறகு விட்டுவிட்டாள். கதவைத் திறந்தால் வருகிற வாசனை பக்கத்து வீட்டுக்காரிக்குத் தலைவலியைக் கொடுத்தது. டப்பாக்காவுக்கு அந்த வாசனையில்தான் சட்டென்று தூக்கம் வரும்.

டப்பாவை அவள் படிக்கும் விதமே தனி. முதலில் படத்தைப் பார்க்கமாட்டாள். மடியில் பழைய போர்வையை விரித்து, படம் போர்வையில் அமுங்கும்படி டப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகைத் தடவுவாள். தகரத்தின் இரண்டு ஓரமும் சேரும் இடத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் தையல். ஈயம் வைத்துப் பற்றவைத்த தையல் என்றால் பழசு. ஓரத்தை மடித்து நசுக்கியிருந்தால் அதற்குப் பிந்தியது. பிறகு அடிப்பக்கம். ஆயில் கம்பெனியின் பெயரை ஊருக்கே தெரியும்படி முன்னால் போட்டிருப்பார்கள்; டப்பாவைச் செய்துகொடுத்தவன் பெயர் அடியில் எறும்பு எழுத்தில் ஒளிந்திருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவாள். கேலன் என்று இருக்கிறதா லிட்டர் என்று இருக்கிறதா, டெலிபோன் எண் குட்டையா நீளமா, எல்லாம் பார்த்து முடித்துத்தான் டப்பாவை மலர்த்துவாள். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். "படம் எங்கே ஓடிடப் போகுது, அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள்.

ஓடிப்போன ஒரு படத்தைத்தான் அவள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

அவளுடைய அப்பா லாரி மெக்கானிக். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோவது அவள் பொறுப்பு. காலி டப்பா என்று உலகத்தில் எதுவும் கிடையாது என்பது அப்பாவின் கட்சி. ஊற்றி முடித்த டப்பாவில் இன்னும் ஒரு வாய் ஆயில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கும் என்பார். கதவோரமாக முழங்கால் உயரத்தில் ஒரு பலகை. அதில் வரிசையாகத் துளைகள். தீர்ந்த டப்பாக்களை அதில் கவிழ்த்துவைப்பார். கீழே நீளமான ஒரு தகரத் தொட்டி. சொட்டுச் சொட்டாக வடிகிற ஆயில் கீலுக்கும் சங்கிலிக்கும் ஆகும். முழு டப்பாக்கள் இருந்த உள்ளறை இருட்டாக, கரி படிந்து கிடக்கும். சீருடை பாழாகிவிடும் என்று அவளை அங்கே விட்டதில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிதான் அவள் இடம். பெட்டியில் உட்கார்ந்தால் பலகை சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். அப்பா எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அங்கேதான் அந்தப் படகு இருந்தது. சாயங்கால வானம்போல ஒரு சிவப்பு. அதில் கறுப்பாகப் படகு. இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். நடுவில் கூம்பலாக ஒரு பாய். பாயின் அடியோரத்தில் வெள்ளையாக இரண்டு ஒட்டு. படகுக்குக் கீழே எழுத்தா அலையா என்று சொல்லமுடியாத நெளிவுகள்.

"அப்பா, இந்தப் படகு எங்கே போகுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அப்பா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"ஆயில் தீரணும். கடைசிச் சொட்டு விழுந்ததும் கிளம்பிடும்."

மறுநாள் அந்தத் துளையில் வேறு டப்பா இருந்தது. "படகு கிளம்பிடுச்சு" என்றார் அப்பா. இன்னொரு நாள் படகு திரும்பி வந்திருந்தது. புயலில் மாட்டிக்கொண்டதாம், அதனால்தான் தாமதமாம். பாயில் ஓட்டை விழுந்ததை யாரோ அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள், நீதான் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டாயே, நீ ஒழுங்காகத் தைத்துக் கொடு என்றார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர் அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும் அவ்வளவு பேசினார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது அதே வருஷம்தான். டப்பாக்கா பள்ளிக்கூடத்தை விட்டதும், ஊசியைப் பிடித்ததும் அதே வருஷம்தான். பட்டறை இருந்த இடத்தில் டைல்ஸ் கடை வந்துவிட்டது. ஒரு போட்டோகூடக் கிடையாது.

தம்பி இருந்தான். அவளைவிட நன்றாகச் சின்னவன். அவள் தைத்துப் படிக்கவைத்தவன். மருந்துக் கம்பெனியில் இஸ்திரி போட்ட பேண்ட்டோடு போகிற உத்தியோகம். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. விடுமுறை நாட்களில் தம்பியும் மனைவியும் வேலைக்குப் போகும்போது குழந்தையை அக்காவிடம் விட்டுப் போவார்கள். ரெக்சின் துண்டுகளை வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு விளையாடும். அலுத்துப்போனால், "அத்தை, தாத்தா படகு" என்று வந்து மடியில் ஏறும்.

ஒரு சாயங்காலம் தம்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். தாத்தாவிடம் ஒரு படகு இருந்தது, புயலில் எல்லாம் போனது என்று குழந்தை பள்ளியில் சொல்லி, டீச்சர் அவனைக் கூப்பிட்டுத் தாத்தா மீனவரா என்று கேட்டிருக்கிறார். டப்பாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அப்பா கதை சொன்னாராக்கா? நம்ம அப்பாவா?" என்றான். "இல்லாததை எல்லாம் ஏன் குழந்தை மண்டையில ஏத்தறே?"

அவள் மறுபடி அந்தப் பலகையைப் பற்றியும் சிவப்பு டப்பாவைப் பற்றியும் சொன்னாள். அவன் ஆயிரம் தடவை கேட்டது. தானும் ஒரு விடுமுறையில் அப்பாவோடு அதே பட்டறைக்குப் போனவன்தான், மலையாக டப்பா குவிந்திருந்தது, ஒன்றிலும் படகு இல்லை என்றான்.

"உனக்குக் கதை சொன்னார், சரி. எனக்கு என்ன பேர் வச்சிருந்தார் தெரியுமா?"

"என்ன பேர்?"

"விடு. அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது." செருப்பு நுனியால் வாசற்படியைத் தேய்த்தான். "அந்தப் படகைக் காட்டு. காட்டிட்டு எத்தனை கதை வேணா சொல்லு. அதுவரைக்கும் அப்பா பேச்சைக் குழந்தைகிட்ட எடுக்காதே."

அதன் பிறகு அவன் வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டான். குழந்தையை வாசலில் விட்டு, வாசலிலிருந்தே அழைத்துப் போனான். அடுத்த வாரம் குழந்தை வழக்கம்போல மடியில் ஏறிப் படகு கேட்டது. தாத்தாவுக்கு இன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வாரமும் லீவுதானா என்று கேட்டபோது பாபினில் நூல் சுற்றுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

தம்பி பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் அவளை அரித்தது. எத்தனையோ பட்டறைகளில் தேடியாகிவிட்டது. தெரியாத பாஷையில் டப்பாக்களைப் பட்டியல் போட்ட புத்தகங்களில் படம் பார்த்தாகிவிட்டது. அப்படி ஒரு டப்பாவைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவை இழந்த சிறுமி ராத்திரிகளில் படுத்துக்கொண்டு தானாகச் செய்துகொண்ட படகோ அது? படகு இல்லையென்றால், மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்த அந்த அப்பாவும் இல்லை. தம்பிக்குக் கிடைத்த, பேசாத, முகம் கடுத்த அப்பா மட்டும்தான் மிச்சம்.

பழைய சாமான் சேர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையின் ஓரத்தில் துணி விரித்து உட்காருவார்கள். நாணயக்காரர், கடிகாரக்காரர், பூட்டுக்காரர் என்று சரக்கை வைத்தே பெயர். அங்கே டப்பாக்காவுக்கு இன்னொரு பெயரும் இருந்தது: படகுக்காரி. ஒட்டுப்போட்ட பாய்தான் அவர்களுக்கு ஓயாத வேடிக்கை.

"எந்தக் கம்பெனிக்காரன்மா கிழிஞ்ச பாயைப் படமாப் போடுவான்?" என்று பூட்டுக்காரர் கேட்டார். "எங்க ஆயிலை ஊத்தினா உங்க வண்டியும் இப்படித்தான் ஆகும்னு விளம்பரமா?"

அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள் என்று இன்னொரு தடவை அடையாளத்தைச் சொல்லுவாள்.

அப்படிச் சொல்லிச் சொல்லியே வினை வந்தது. எதைக் கண்டாலும் தேய்த்துப் பளபளக்கவைத்து விற்கிற ஒருவன் அங்கே உண்டு. பாலீஷ் என்பது பட்டப்பெயர். ஒரு ஞாயிறு அவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சாக்கைப் பிரித்து ஒரு டப்பாவை வெளியே எடுத்தான். சிவப்பு. கறுப்புப் படகு. பாயில் இரண்டு வெள்ளை ஒட்டு. கீழே அலைகள்.

டப்பாக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் வழக்கப்படி டப்பாவைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவியது. அங்கே விரல் நின்றது. அலை தையலைத் தாண்டி மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

பூப்போட்ட துணியை வெட்டித் தைத்தால் தையலில் பூ ஒட்டாது. வேண்டுமென்று பொருத்தினால்தான் உண்டு. தகரத்தில் அதுவும் முடியாது. தட்டையாக இருக்கும்போதே படத்தை அச்சடித்து, பிறகுதான் வளைத்து ஈயம் வைப்பார்கள். ஈயம் பிடிக்க வெறும் தகரம் வேண்டும் என்பதால் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மை படாமல் விட்டிருப்பார்கள். இந்த டப்பாவில் அந்த வெற்று இடமே இல்லை. பிரஷ் அதன்மேலும் ஏறிப் போயிருந்தது.

"நீயே வரைஞ்சியா?" என்றாள்.

பாலீஷ் மறைக்கவில்லை. மைத்துனன் போர்டு எழுதுகிறவன் என்றான். "நீ யாருக்குக் காட்டப்போறியோ, அவங்களுக்கு இந்தத் தையல் கியல் எல்லாம் தெரியவா போகுது? படகு இருக்கா, இருக்கு. எடுத்துட்டுப் போ."

அது உண்மைதான். தம்பி படகைத்தான் பார்ப்பான், முதுகைத் தடவமாட்டான். அடுத்த வாரமே குழந்தை மடியில் ஏறிக்கொள்ளும். டப்பாக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் இருந்தாள். பூட்டுக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். இதைக் காட்டி ஜெயித்தால் தம்பி சொன்னதுதான் மெய்யாகும் என்று அவளுக்குப் பட்டது. அப்பாவைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் கையால் வரைந்ததாகிவிடும்.

"படகு நல்லா இருக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். "உன் மைத்துனனைச் சுவத்தில வரையச் சொல்லு."

இது நடந்து சில மாதம் கழித்து, மூடப்போகிற ஒரு பஸ் ஷெட்டில் கடைசி வேலையாகச் சில இருக்கைகளுக்கு உறை மாட்டப் போயிருந்தாள். அங்கே ஒரு பெஞ்சுக்கு ஒரு கால் இல்லை. காலுக்குப் பதிலாக ஒரு டப்பா நின்றது. பெஞ்சுக்குச் செங்கலை முட்டுக்கொடுத்து டப்பாவை உருவிக்கொண்டாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ களக் என்றது. வீட்டுக்கு வந்து மடியில் போட்டுப் பார்த்தாள். ஈயத் தையல். பக்கத்தில் சுத்தமாக விட்ட வெற்று இடம். கேலன் கணக்கு. குட்டை டெலிபோன் எண். அப்பா காலத்துச் சரக்கேதான். விளிம்பில் தெரிந்த சிவப்பைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக டப்பாவை மலர்த்தினாள்.

ஒரு எருமைத் தலை அவளை முறைத்துப் பார்த்தது. இரண்டு பக்கமும் தழைந்து இறங்கிய கொம்பு, கீழே குறுகி வருகிற கறுத்த முகம், நெற்றியை ஒட்டி இரண்டு வெள்ளைக் கண். தலைக்கு மேலே வேற்றுப் பாஷையில் கம்பெனி பெயர்.

இந்த டப்பா அதுவரை அவளிடம் இல்லாதது. வேறு நாளாக இருந்தால் சந்தோஷத்தில் டீ போட்டுக் குடித்திருப்பாள். இன்றைக்குப் போர்வையை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு யோசனை வந்தது: இதே சிவப்பில் இதே கம்பெனிக்காரன் படகும் போட்டிருக்கலாம் அல்லவா?

பழைய லாரி நிறுத்தத்துக்கு எதிரே அந்தக் காலத்து ஆயில் கடை ஒன்று இருந்தது. கடை போய்விட்டது, கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மா மாடியில் மகளோடு இருந்தார். டப்பாவைக் கையில் வாங்கியதுமே அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"எருமை," என்றார். "இது எங்கே கிடைச்சுது உனக்கு? அப்பல்லாம் கம்பெனிப் பேரை யார் படிச்சாங்க? படத்தைச் சொல்லித்தான் கேப்பாங்க. சாவி ரெண்டு குடு, சிங்கம் ஒண்ணு குடும்பாங்க. எனக்குக் கல்யாணமான புதுசு. அவர் என்னைக் கல்லாவில உட்கார வச்சுட்டு உள்ளே போயிட்டார். ஒரு டிரைவர் வந்து என் முகத்தைப் பார்த்து, 'எருமை குடு'ன்னான். எனக்கு எப்படி இருக்கும்? தராசுப் படிக்கல்லைத் தூக்கிட்டேன்."

மகள் இந்தக் கதையை மனப்பாடமாக அறிந்தவள்போல உள்ளேயிருந்து சிரித்தாள். டப்பாக்காவும் சிரித்தாள். படகைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா யோசிக்கவே இல்லை, உதட்டைப் பிதுக்கிவிட்டார். இந்தக் கம்பெனிக்கு எருமையைத் தவிர வேறு படமே கிடையாது என்றார். படகு என்று அவர் கடையில் எந்த நாளிலும் எந்தச் சரக்கும் இருந்ததில்லை என்றார்.

திரும்பி வரும்போது டப்பாக்கா பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். தேடல் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. கல்லாவில் காலமெல்லாம் உட்கார்ந்தவருக்கே தெரியாத படகு வேறு யாருக்குத் தெரியும்?

டப்பாவை மட்டும் விடவில்லை. மூடியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கட்டிவைத்தாள். தினமும் நனைத்து நனைத்து, கடைசியில் ஒரு விடுமுறை நாள் சாயங்காலம், குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, முனகிக்கொண்டே மூடி திறந்தது. உள்ளே ஆயில் இருந்தது. கறுத்து, கெட்டியாகி, ஆனால் வாசனை மாறாமல். அந்த வாசனையை முகர்ந்ததும் அவளுக்கு யோசிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நடுவில் கையை விட்டுத் தூக்கத் துளை போட்ட மர ஸ்டூல் ஒன்று இருந்தது. அதைக் கதவோரமாக இழுத்து, துளையில் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒரு பாட்டிலை வைத்தாள். படம் வாசல் பக்கம் திரும்பியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. மெஷினுக்குப் போய் விட்ட தையலைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் டப்பாவின் முதுகுதான் தெரியும்.

தம்பி வந்து வழக்கம்போல வாசலில் நின்றான். குழந்தை ஓடிவந்து ஒரு செருப்பில் மட்டும் காலை நுழைத்துக்கொண்டு நின்றது. வார் மாட்டிவிட அவன் வாசற்படியில் குந்தி உட்கார்ந்தான்.

பிறகு எழுந்திருக்கவில்லை.

"அக்கா."

"என்னடா, வார் அறுந்துடுச்சா? குடு, தச்சுத் தரேன்."

"இங்கே வா."

"இந்த வரியை முடிச்சுட்டு வரேன்."

"அக்கா, நீ வந்து இங்கே உட்காரு. நிக்காதே. என் பக்கத்தில உட்காரு."

குரல் ஒருமாதிரி இருந்ததால் அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். அவள் தலை ஸ்டூலின் உயரத்துக்கு வந்தது.

சாயங்கால வானம்போலச் சிவப்பு. அதில் இரண்டு முனையும் மேலே வளைந்த கறுப்புப் படகு. கூம்பலாக எழுந்த பாய். பாயின் அடியோரத்தில் வெள்ளையாக இரண்டு ஒட்டு. கீழே அலைகள். ஸ்டூலுக்கு அடியில் பாட்டிலுக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

தம்பி மெதுவாகக் கழுத்தைச் சாய்த்து, தலையைத் தரைப்பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடி சாய்த்தான். குழந்தை அப்பா ஏதோ விளையாடுகிறார் என்று தானும் தலையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மாடு" என்றது.

"எருமை," என்றாள் டப்பாக்கா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "எருமைடா. நான் அதை நேரா பார்த்ததே இல்லை. எப்பவும் கவுத்துத்தானே வச்சிருப்பார். அலைன்னு நினைச்சது கம்பெனிப் பேர். ஒட்டுன்னு நினைச்சது அதோட கண்ணு." பேச்சு நிற்காமல் ஓடியது. ஆயில் கடை அம்மாவைச் சொன்னாள், படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள் என்பதைச் சொன்னாள், 'எருமை குடு' என்று கேட்ட டிரைவரையும் படிக்கல்லையும் சொன்னாள்.

தம்பி சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட பேண்ட்டோடு வாசற்படியில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு என்ன பேர் வச்சிருந்தார்னு கேட்டேல்ல," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"அந்த லீவுல அவர்கூடப் போனேன். அவர் வண்டிக்கு அடியில படுத்திருப்பார். கால் மட்டும்தான் வெளியே தெரியும். அங்கிருந்தே, 'டேய், எருமை எடுத்துட்டு வா'ம்பார். எதை எடுக்கறதுன்னு சொல்லமாட்டார். நான் ஸ்பேனரை எடுத்துட்டுப் போவேன், துணியை எடுத்துட்டுப் போவேன். 'எருமைடா, எருமை'ன்னு இன்னும் சத்தமாக் கத்துவார். பட்டறையில எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் அவரே எழுந்து வந்து, என்னைத் தாண்டி உள்ளே போய் எடுத்துப்பார். வயித்துவலின்னு சொல்லிட்டு மறுநாள்லருந்து நான் போகலை."

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். தையலைத் தடவுகிற அதே கை.

"ஒரு 'யை' போட்டிருக்கலாமேக்கா," என்றான். "எருமையை எடுத்துட்டு வான்னு சொல்லியிருந்தா என்னைச் சொல்லலைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு யாருடா இலக்கணமாப் பேசறா?"

அதற்குத்தான் அவன் முதலில் சிரித்தான். சிரித்துவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டப்பாக்காவுக்கு அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நாளெல்லாம் அந்த டப்பாவை நேராகப் பிடித்து ஊற்றுகிறவர் அப்பா. வாய்க்கு வாய் எருமை என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். படகு எங்கே போகிறது என்று ஒரு சிறுமி கேட்டபோது மெல்லுவதை நிறுத்தினார். டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து அது என்னவாகத் தெரியும் என்று பார்த்திருக்கிறார்.

"அவருக்கு அது எருமைன்னு தெரியும்டா," என்றாள். "தெரிஞ்சேதான் படகுன்னார்."

தம்பி விரலை நீட்டி டப்பாவில் அந்த வெள்ளை ஒட்டைத் தொட்டான். "நீ கேட்டே," என்றான். "நான் கேக்கலை."

குழந்தை இன்னும் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, அத்தையின் காதருகே வந்து, பக்கத்துத் தெருவுக்கே கேட்கும் ரகசியக் குரலில், தாத்தாவுக்கு லீவு முடிஞ்சுதா என்று கேட்டது.

டப்பாக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் எட்டி, குழந்தையின் காலில் இருந்த அந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தான். தன்னுடையதையும் கழற்றினான்.

"சொல்லு. நானும் கேக்கறேன்."

"இரு," என்றாள் அவள். "இன்னும் சொட்டுது."

மூன்று பேரும் வாசற்படியில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அடுத்த சொட்டு டப்பாவின் வாயில் திரண்டு கனத்துத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.